பனியில் சூடு முன்னே, கரியமில வாயு பின்னே: அப்படியானால் பழங்காலக் கடலைச் சூடாக்கியது எது?

பாயான்_லெப்பாஸ்_தம்பி
திங்கள், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். நேற்று பட்டர்வொர்த்தில் மாமா வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தோம். பேச்சு வெயிலில் தொடங்கி உலகம் சூடாவதில் போய் நின்றது. மாமா சொன்னார்: "அண்டார்டிகா பனியைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். அதில் சூடுதான் முதலில் ஏறியிருக்கிறது. கரியமில வாயு எண்ணூறு வருடம் கழித்துத்தான் ஏறியது. பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்கு எப்படிடா காரணமாகும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மாமா வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர் இல்லை. வீட்டுக்கு வந்து தேடினால், அந்த எண்ணூறு வருடக் கணக்கு உண்மையான ஓர் ஆய்விலேயே இருக்கிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன். பழங்காலத்தில் கரியமில வாயு கடலைச் சூடாக்கியதா, இல்லை கடல் சூடானதால் வாயு வெளியே வந்ததா? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறும் மாமா வீட்டுக்குப் போவேன்.


செந்தூல்_அக்கா
திங்கள், இரவு 9:50

தம்பி, நான் படிவம் நான்கு, ஐந்துக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் மாமா சொல்வதில் பாதி எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரையும், சூடான நீரில் குறைவாகக் கரையும். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த சோடாவையும் வெயிலில் கிடந்த சோடாவையும் திறந்து பாருங்கள். வெயிலில் கிடந்தது பொங்கி வழியும். கடலும் அப்படித்தான். சூடானால் தன்னிடம் இருக்கிற கரியமில வாயுவில் கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும். மீதிப் பாதியைக் கல்லாசிரியர் ஐயா வந்து சொல்வார் என்று நினைக்கிறேன்.


நேர்கோடு
திங்கள், இரவு 10:31

மாமா கேட்டது சரியான கேள்வி. நான் கோலாலம்பூரில் கட்டடக் குளிரூட்டி அமைப்புகளில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். ஓர் அமைப்பு கெட்டுப்போனால் எது முதலில் நகர்ந்தது என்றுதான் பார்ப்போம். சூடான கடல் வாயுவை வெளியே விடும் என்று அக்காவே சொல்லிவிட்டார். பனியில் தெரிகிற வரிசைக்கு அதுவே போதுமே. கரியமில வாயுவைக் காரணமாக ஏன் இழுக்க வேண்டும்? சண்டைக்குக் கேட்கவில்லை. பதில் இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன்.


கல்லாசிரியர்
செவ்வாய், காலை 6:20

தம்பிக்கும் நேர்கோடு தம்பிக்கும் வணக்கம். புவியியல் படித்து, முப்பது வருடம் இடைநிலைப்பள்ளியில் வேலை பார்த்து, இப்போது ஆயர் ஈத்தாமில் ஓய்வாக இருக்கிறேன். பத்து லட்சம் மூலக்கூறுகளில் எத்தனை கரியமில வாயு என்பதை பிபிஎம் என்பார்கள். அந்தக் கணக்கிலேயே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்ணூறு வருடம். பனிக்குள் இருக்கிற காற்றுக்குமிழியின் வயதும் அதைச் சுற்றியுள்ள பனியின் வயதும் ஒன்றல்ல. பனி விழுந்து, மேலே மேலே குவிந்து, ஐம்பது முதல் நூறு மீட்டர் ஆழத்துக்குப் போய் இறுகிய பிறகுதான் குமிழி மூடிக்கொள்கிறது. அதுவரை மேலே இருக்கிற காற்று உள்ளே வந்து போகும். அண்டார்டிகாவில் பனி குறைவாக விழும் வோஸ்தோக் ஆய்வுநிலையம் மாதிரி இடத்தில் இந்த வயது வித்தியாசம் சில ஆயிரம் ஆண்டுகள் வரை போகும். எண்ணூறு என்ற இடைவெளியைப் பேசும்போது இந்தச் சிக்கலை மறக்கக் கூடாது. 2003இல் ஒரு பிரெஞ்சுக் குழு குமிழிக்குள் இருந்த ஆர்கான் வாயுவையே வெப்பமானியாக எடுத்து இதைச் சுற்றிக்கொண்டு போனது. சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பனிக்காலம் முடிந்தபோது அண்டார்டிகா முதலில் சூடானது, கரியமில வாயு சுமார் 800 ஆண்டு கழித்து ஏறியது என்று கண்டார்கள். மாமா சொன்னது அதைத்தான். அது நல்ல ஆய்வு.

ஆனால் அது அண்டார்டிகாவின் சூடு. உலகத்தின் சூடு இல்லை. 2012இல் ஜெரெமி ஷாகுனும் கூட்டாளிகளும் கடல், ஏரி, பனி என்று உலகெங்கும் எண்பது இடங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கடைசிப் பனிக்காலம் முடிந்தபோது உலகச் சராசரிச் சூடு கரியமில வாயுவுக்குப் பின்னால்தான் பெரும்பாலும் ஏறியிருக்கிறது. தெற்கு முந்தியது, வாயு நடுவில் வந்தது, மற்ற இடங்கள் அதன் பின்னால் வந்தன. அடுத்த வருடம் வந்த இன்னோர் ஆய்வு, கடைசிப் பனிக்கால முடிவில் அண்டார்டிகாவில்கூட இடைவெளி ஏறக்குறைய இல்லை என்றது.

சரி, தெற்கை முதலில் தட்டிவிட்டது எது? பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல ஆடுவது. மிலுட்டின் மிலாங்கோவிச் இதைக் கணக்குப்போட்டவர். அந்த ஆட்டத்தால் ஒரு வருடத்தில் பூமிக்கு வரும் மொத்த வெயில் அதிகம் மாறுவதில்லை. எந்தப் பருவத்தில், எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் மாறும்.

கோயில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் "கீ" என்று அலறுமே. தொடங்கியது ஒரு சின்ன உரசல் சத்தம். தெருவையே திரும்பிப் பார்க்க வைத்தது பெருக்கி. சத்தம் முதலில் வந்தது, பெருக்கி பின்னால்தான் வேலை செய்தது, ஆகவே பெருக்கிக்கு இதில் பங்கில்லை என்று யாரும் சொல்வதில்லை. நேர்கோடு தம்பி, உங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் இருக்கும்.


நேர்கோடு
செவ்வாய், காலை 8:05

இருக்கிறது ஐயா, பின்னூட்டம் என்போம். அந்த வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெருக்கி வேலையைச் செய்தது கரியமில வாயுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? பனி உருகினால் வெள்ளைத் தரை போய்க் கறுப்புத் தரை வரும், வெயிலைக் கூடுதலாக உறிஞ்சும். அதுவே பெருக்கியாக இருக்கலாமே.


கல்லாசிரியர்
செவ்வாய், காலை 9:15

அதுவும் ஒரு பெருக்கிதான், பெரிய பெருக்கி. ஆனால் பனி வடக்கிலும் தென்கோடியிலும் இருந்தது. நம் பக்கத்து வெப்பமண்டலக் கடல்களில் ஏது பனி? அந்தக் கடல்களும் பனிக்காலத்தில் இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்துகிடந்தன, பிறகு சூடாயின. பனிப்பாறைக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, பூமத்தியரேகைக் கடலையும் துருவக் கடலையும் ஒரே பக்கமாக நகர்த்த, எங்கும் பரவி நிற்கிற ஏதாவது ஒன்று வேண்டும். காற்றில் கலந்த வாயுவுக்குத்தான் எல்லை கிடையாது. அது பனிக்காலத்தில் சுமார் 190 பிபிஎம், முடிந்தபின் 280.

அக்கா சொன்ன சோடாக் கணக்கும் தனியாக நின்றால் போதவில்லை. கடல் குளிர்ந்ததால் மட்டும் குறையக்கூடியது சுமார் 30 பிபிஎம்தான். குறைந்ததோ 80, 90. மீதி எல்லாம் ஆழ்கடல் தன் அடிநீரில் கரியை, அதாவது கார்பனை, பூட்டி வைத்திருந்ததால் வந்தது. தென் சமுத்திரத்தின் சுழற்சி மாறியபோது அந்தப் பூட்டு திறந்துகொண்டது.


தெலுக்_பகாங்_வலை
செவ்வாய், பிற்பகல் 1:40

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகிற வீடு. பனிக்காலத்தில் இங்கே கடலே இல்லை என்று கேள்விப்பட்டேன், உண்மையா?


கல்லாசிரியர்
செவ்வாய், பிற்பகல் 2:02

உண்மைதான் ஐயா. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. நம் மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி தரை. பினாங்கு தீவாக இல்லை, சமவெளியில் நிற்கிற ஒரு குன்று. பெர்ரி இல்லாமலே பட்டர்வொர்த்துக்கு நடந்து போயிருக்கலாம். சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். சுண்டா நிலம் என்கிறோம்.


தெலுக்_பகாங்_வலை
செவ்வாய், பிற்பகல் 2:30

நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது. எங்கள் அப்பா தண்ணீரில் கைவைத்தே இன்றைக்கு மீன் எந்தப் பக்கம் போகும் என்று சொல்வார். ஆனால் அன்றைய கடலில் கைவைத்தவர் யாரும் இல்லையே. இரண்டு டிகிரி, மூன்று டிகிரி என்று இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறார்கள்?


கல்லாசிரியர்
செவ்வாய், மாலை 5:45

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கடலில் கைவைத்தவர்கள் இருந்தார்கள். மணல்மணி அளவுள்ள உயிரிகள். ஃபொராமினிஃபெரா என்று பெயர், சுருக்கமாக ஃபோராம். ஒரே உயிரணுதான், ஆனால் சுண்ணாம்பில் தனக்கு ஓர் ஓடு கட்டிக்கொள்ளும். செத்தபின் ஓடு கடலடியில் விழுந்து சேறாகப் படியும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இது நடக்கிறது.

ஓடு கட்ட வேண்டிய ஆக்சிஜனை அது நீரிலிருந்து எடுக்கிறது. கடல்நீரில் ஆக்சிஜன் அணுக்களில் பெரும்பாலானவை 16 எடை கொண்டவை. சுமார் ஐந்நூறில் ஒன்று 18 எடை. நீர் குளிர்ந்திருந்தால் ஓட்டில் கனமான 18 சற்றே அதிகமாகப் போய் உட்காரும். சூடாக இருந்தால் குறையும். இந்த வேறுபாட்டை வெப்பமானியாக வைத்துக்கொள்ளலாம் என்று 1947இல் சொன்னவர் ஹெரால்ட் யூரி. அவரிடம் படித்த சேசரே எமிலியானி 1955இல் கடலடி ஓடுகளை அளந்து, பனிக்காலம் நான்கு ஐந்து முறையோடு நிற்கவில்லை, மேலும் பலமுறை வந்துபோயிருக்கிறது என்று காட்டினார்.

ஒரு பிசகும் இருந்தது. பனிப்பாறை வளரும்போது இலேசான 16ஐ அது இழுத்துக்கொள்ளும், கடலில் கனமானது மிஞ்சும். அதனால் ஓட்டில் தெரிகிற மாற்றத்தில் எவ்வளவு குளிர், எவ்வளவு பனி என்று பிரிக்க வேண்டும். எமிலியானி குளிரின் பங்கை அதிகமாகக் கணக்கிட்டுவிட்டார். பெரும்பகுதி பனியின் கணக்குதான் என்று 1967இல் நிக்கலஸ் ஷாக்கில்டன் காட்டினார். அதற்குப் பிறகு ஓட்டில் மக்னீசியம் எவ்வளவு என்றும் பார்க்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பனியோடு சம்பந்தமில்லை, சூட்டோடுதான் சம்பந்தம். கரியமில வாயு நீரில் கரைந்தால் நீர் புளிக்கும், அதாவது அமிலத்தன்மை கூடும். அதே ஓட்டில் உள்ள போரானைப் பார்த்தால் அன்றைய கடல் எவ்வளவு புளித்திருந்தது, அதை வைத்துக் காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருந்தது என்றும் தெரியும். ஒரே ஓட்டுக்குள் வெப்பமானி, பனிக்கணக்கு, வாயுக்கணக்கு மூன்றும்.


செந்தூல்_அக்கா
செவ்வாய், இரவு 8:10

பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு வந்தபோது கெராச்சுட் கடற்கரையிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் மணல் எடுத்து வந்தேன். பள்ளியின் பழைய நுண்ணோக்கியில் வைத்தேன். முதலில் வெறும் கண்ணாடித்தூள் மாதிரி படிகக்கல் மட்டும் தெரிந்தது. ஊசிமுனையால் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போனபோது, நாற்பது நிமிடம் கழித்து ஒன்று கிடைத்தது. வெள்ளை நிறம். அறை அறையாகச் சுருண்டு, நத்தை மாதிரி. ஒவ்வோர் அறையும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரியது. அது குட்டியாக இருந்தபோது கட்டிய அறையும் கடைசியாகக் கட்டிய அறையும் ஒரே ஓட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மாணவிகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒரு பிள்ளை கண்ணை எடுக்கவே இல்லை.


பாயான்_லெப்பாஸ்_தம்பி
செவ்வாய், இரவு 9:33

அக்கா, ஐயா, நன்றி. இதுவரை புரிந்ததைச் சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். பனிக்காலங்களில் கடல்தான் முதலில் வாயுவைக் கொடுத்தது, அந்த வாயு மறுபடி எல்லாக் கடலையும் சூடாக்கியது. அப்படியென்றால் கடலில் தொடங்காமல், வாயு முதலில் வெளியிலிருந்து வந்து கடலைச் சூடாக்கிய காலம் எப்போதாவது உண்டா? மாமா அடுத்து அதைத்தான் கேட்பார்.


கல்லாசிரியர்
புதன், காலை 6:05

சரியாகப் புரிந்துகொண்டீர்கள், சரியாகவும் கேட்டீர்கள். உண்டு. இன்றைக்கு 56 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். பேலியோசீன் முடிந்து இயோசீன் தொடங்கிய நேரம். டைனோசர் போய்ப் பத்து மில்லியன் ஆண்டு ஆகியிருந்தது. துருவங்களில் பெரிய பனிப்பாறை எதுவும் கிடையாது. ஆகவே ஓட்டின் ஆக்சிஜன் கணக்கில் பனியைக் கழிக்கும் தொல்லையும் இல்லை. மாற்றம் தெரிந்தால் அது நேராகச் சூடுதான்.

1987இல் ஜாய்டீஸ் ரெசல்யூஷன் என்ற துளைக்கப்பல் அண்டார்டிகாவை ஒட்டிய வெடெல் கடலில் சேற்றுத்தூண் எடுத்தது. அதை ஆராய்ந்த ஜேம்ஸ் கென்னட்டும் லோவெல் ஸ்டாட்டும் 1991இல் எழுதினார்கள். சேற்றில் சில சென்டிமீட்டருக்குள் எல்லாம் மாறிவிடுகிறது. ஆக்சிஜன் கணக்கு சட்டென்று சூட்டின் பக்கம் சாய்கிறது. ஆழ்கடல் அடியில் வாழ்ந்த ஃபோராம் வகைகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அங்கேயே மறைந்துபோகின்றன. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் சேர்ந்து சொல்வது: உலகம் 5, 6 டிகிரி சூடானது, ஆழ்கடலும் ஏறக்குறைய 5 டிகிரி. வடதுருவக் கடலின் மேல்நீர் 23 டிகிரி வரை போனது. நைஜீரியாக் கரையில் கடல் 36 டிகிரியைத் தாண்டியது. நம் நீரிணை இன்று 29, 30இல் நிற்கிறது, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது நேர்கோடு தம்பியின் கேள்வியை இங்கே வைத்துப் பார்ப்போம். கடல் தானாகச் சூடாகி வாயுவை வெளியே விட்டதா, வெளியிலிருந்து வாயு வந்து கடலுக்குள் போனதா? கடல் கொடுத்திருந்தால் ஆழ்கடலில் கரி குறைந்திருக்கும், நீரின் புளிப்பும் குறைந்திருக்கும், அடியில் சுண்ணாம்பு ஓடுகள் நன்றாக நிலைத்திருக்கும். கடல் வாங்கியிருந்தால் புளிப்பு ஏறியிருக்கும், ஓடுகள் கரைந்திருக்கும்.

2003இல் தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் மேட்டில் அதே கப்பல் பல ஆழங்களில் துளைபோட்டது. மேலே வந்த தூணின் படத்தைப் பார்த்திருக்கிறேன். ஓடுகளால் ஆன வெளுத்த சேறு, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. நடுவில் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு. அதற்கு மேல் செங்கல் நிறத்தில் களிமண். ஓடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் கரைந்து, கரையாத மண் மட்டும் மிஞ்சியிருந்தது. பிறகு களிமண் மெல்ல வெளுத்து, மறுபடி வெள்ளைச் சேறு. எந்த ஆழத்துக்குக் கீழே ஓடுகள் கரைந்துபோகுமோ அந்த எல்லை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து வந்துவிட்டது என்று ஜேம்ஸ் சாக்கோஸ் குழு 2005இல் கணக்கிட்டது.

சூடு மட்டும் அந்த ஓடுகளைக் கரைத்திருக்க முடியாது. சுண்ணாம்புக்கு ஒரு குணம், சூடான நீரில் அது குறைவாகத்தான் கரையும். கரைத்தது புளிப்பு. புளிப்பைக் கொண்டுவந்தது வெளியிலிருந்து வந்த கரியமில வாயு. அந்தக் கரியின் கையெழுத்தும் இருக்கிறது. கரியிலும் 12 எடை, 13 எடை என்று அணுக்கள் உண்டு. இலேசான கரி-12 திடீரென்று கூடியிருக்கிறது, கடல் ஓட்டில் மட்டுமில்லை, அமெரிக்காவின் வயோமிங் மண்ணிலும் அன்றைய பாலூட்டிகளின் பல்லிலும். எரிமலையா, கடலடி மீத்தேனா, இரண்டுமா என்று இன்னும் பேசுகிறார்கள். வட அட்லாண்டிக் பிளந்துகொண்டு எரிமலைகள் கக்கிய காலம் அது.

ஆகவே தம்பி, மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள். எது முன்னே, எது பின்னே என்ற வரிசையிலிருந்து அந்த வாயு எங்கிருந்து வந்தது என்றுதான் தெரியும். வந்த வாயு சூடாக்குமா, ஆக்காதா என்பதற்கு அந்த வரிசையில் பதில் இல்லை. கடலிலிருந்து வந்தாலும் எரிமலையிலிருந்து வந்தாலும் ஒரே வாயுதான், ஒரே வேலையைத்தான் செய்யும்.


பாயான்_லெப்பாஸ்_தம்பி
புதன், காலை 7:50

கடல் கொடுத்ததா, வாங்கியதா. இது புரிகிறது ஐயா. நான் இப்படி யோசித்ததே இல்லை.


நேர்கோடு
புதன், நண்பகல் 12:20

ஐயா, இரவெல்லாம் இதைப் படித்தேன். நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2007இல் வந்த ஓர் ஆய்வில், நியூ ஜெர்சியில் இந்தக் கரி-12 ஏறுவதற்குச் சுமார் 3,000 ஆண்டுகள் முன்னாலேயே சூடு தொடங்கிவிட்டது என்று இருக்கிறது. அப்படியானால் இங்கேயும் சூடுதானே முந்தியது?


கல்லாசிரியர்
புதன், பிற்பகல் 3:30

நல்லது, தேடிப் படித்திருக்கிறீர்கள். அந்த ஆய்வு சரியானது. முதலில் ஒரு சூடு, அது கடலடியிலோ சதுப்பிலோ உறங்கிய கரியை எழுப்பி, அந்தக் கரி இன்னும் பெரிய சூட்டைக் கொண்டுவந்தது என்பதுதான் அதற்குப் பொதுவாகச் சொல்லும் விளக்கம். முதல் சூட்டுக்கும் எரிமலை வாயு காரணமாக இருக்கலாம். எரிமலைக் கரியில் 12 அவ்வளவு தூக்கலாக இருக்காது, அதனால் கணக்கில் பளிச்சென்று தெரியாது. எப்படியானாலும் அந்தச் செங்கல் களிமண் அங்கேயேதான் இருக்கிறது. கடல் வாங்கியது.


மலையேறி_கெடா
புதன், மாலை 6:15

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். லங்காவியில் சிங்கா பாறைத்தொகுதி என்று ஒன்று உண்டு. கறுத்த, மெல்லிய களிப்பாறை. அதன் நடுவே சம்பந்தமே இல்லாமல் முழங்கை அளவுக் கல் ஒன்று தனியாகப் புதைந்திருக்கும். கல்லுக்குக் கீழே படிவங்கள் அழுந்தி வளைந்திருக்கின்றன, மேலே இருப்பவை கல்லைத் தாண்டிப் போர்வை போர்த்திய மாதிரி போகின்றன. மிதந்து வந்த பனிக்கட்டி உருகி, அதிலிருந்த கல் அமைதியான கடலடியில் விழுந்த தடம் என்று வழிகாட்டி சொன்னார். சுமார் 300 மில்லியன் ஆண்டு. அதற்கு மேலே டாயாங் புந்திங் தீவில் இருப்பது சூடான கடலில் படிந்த சுண்ணாம்பு. குளிர்கடல் கீழே, வெதுவெதுப்பான கடல் மேலே. கரியமில வாயு ஏறியதற்கு நம் வீட்டுப் பக்கத்திலேயே அத்தாட்சி இருக்கிறதே!


நேர்கோடு
புதன், மாலை 6:48

அண்ணே, நிலம் நகர்ந்திருக்குமே? தெற்கிலிருந்து வடக்கே வந்திருந்தால் வாயு மாறாமலே கடல் சூடாகியிருக்கும்.


கல்லாசிரியர்
புதன், இரவு 8:00

நேர்கோடு தம்பி சொல்வதே சரி. மலாயாவின் மேற்குப் பாதி, பினாங்கும் லங்காவியும் உட்பட, அப்போது தெற்கே கோண்டுவானாக் கண்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. பெர்மியன் காலத்தில் பிய்த்துக்கொண்டு வடக்கே நகர்ந்தது. அதே காலத்தில் கோண்டுவானாவின் பெரும் பனிக்காலமும் முடிந்தது, கரியமில வாயுவும் ஏறியது. லங்காவிக் கல்லில் இடமாற்றமும் வாயுமாற்றமும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன, அந்த ஒரு கல்லை வைத்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் உலகின் பல கடல்களில் ஒரே நேரத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 56 மில்லியன் ஆண்டுச் சம்பவத்தின் பலம் அதுதான். சில ஆயிரம் ஆண்டுகளில் எந்தக் கண்டமும் அப்படி நகர்ந்துவிடாது.

ஆனால் மலையேறி ஐயா, அந்தக் கல்லைப் போய்ப் பாருங்கள் என்று எல்லாருக்கும் சொல்லுங்கள். பெயர்த்து எடுக்காமல் பார்த்தால் போதும்.


நேர்கோடு
வியாழன், காலை 7:30

கடைசியாக ஒன்று. 445 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கரியமில வாயு இன்றைவிடப் பலமடங்கு இருந்தும் பெரிய பனிக்காலம் வந்ததாமே?


செந்தூல்_அக்கா
வியாழன், காலை 10:05

இடைவேளையில் எழுதுகிறேன். சூரியன் பிறந்ததிலிருந்து மெல்ல மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே வருகிறது. தொடக்கத்தில் இன்றைவிடச் சுமார் 30 விழுக்காடு மங்கல். 445 மில்லியன் ஆண்டுக்கு முன் சுமார் 4 விழுக்காடு மங்கல். கேட்க 4 கொஞ்சமாகத்தான் தெரியும். ஆனால் அந்த மங்கலான வெயிலில் பூமி உறையாமல் இருக்கவே வாயு அதிகம் தேவை. அன்றைக்குப் பனி பிடிக்கத் தேவையான வாயு அளவும் இன்றைக்குத் தேவையான அளவும் ஒன்றல்ல. இரண்டு காலங்களை ஒப்பிடும்போது சூரியனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மணி அடித்துவிட்டது.


நேர்கோடு
வியாழன், இரவு 9:15

நன்றி அக்கா. என் பழைய கருத்தை மாற்றிக்கொள்கிறேன். வரிசையை மட்டும் பார்த்தது என் தவறு. இப்போது உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்: அந்த 56 மில்லியன் ஆண்டுக் கடல் மறுபடி ஆறுவதற்கு எவ்வளவு காலம் ஆனது? இன்றைக்கு நாம் விடுகிற வேகம் அதோடு எப்படி?


கல்லாசிரியர்
வெள்ளி, காலை 6:40

வேகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது கரி வெளியானது வருடத்துக்கு அதிகம் போனால் 100 கோடி டன் அளவில், பல ஆயிரம் ஆண்டுகளாக. இன்று நாம் வருடத்துக்குச் சுமார் 1,000 கோடி டன் கரியை எரித்து விடுகிறோம். பத்து மடங்கு. 1958இல் ஹவாயின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315 பிபிஎம், இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கடல் இப்போது கொடுக்கிறதா, வாங்குகிறதா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. தொழிற்சாலைக் காலத்துக்கு முன் 8.2ஆக இருந்த கடல்மேற்பரப்பின் பிஎச் இப்போது 8.1. இந்த எண் குறைந்தால் புளிப்பு கூடுகிறது என்று பொருள். புளிப்பு ஏறுகிறது. வாங்குகிறது. கூடுதலாகத் தேங்கும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கையும் அதுவே வாங்கிக்கொள்கிறது.

ஆறுவதற்கு ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல், இரண்டு லட்சம் வரை ஆனது.

அவ்வளவு காலம் ஏன் என்றால், அந்த வாயுவை நிரந்தரமாக எடுத்துப்போகிற வேலையைக் கல்தான் செய்ய வேண்டும். மழை கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும், கருங்கல்லை அரிக்கும், கரைந்தது ஆற்றோடு கடலுக்குப் போய் ஓடாகவும் சுண்ணாம்பாகவும் அடியில் படியும். பூமி சூடானால் மழை கூடும், அரிப்பும் கூடும், வாயு மெல்லக் குறையும். மிக மெல்ல. புக்கிட் பெண்டேரா கருங்கல் மலைதான். அடிவாரத்திலிருந்து நடந்து ஏறும் பாதையில் ஓரத்து மண்ணைப் பாருங்கள். செம்மண்ணுக்கு நடுவே உருண்டையாக ஒரு கல் நிற்கும். அதன் விளிம்பை நகத்தால் கீறினால் உதிரும். உள்ளே இன்னும் கெட்டியாக, மினுமினுப்பாக இருக்கும். அந்த உதிர்கிற விளிம்புதான் நான் சொல்கிற வேலை நடக்கிற இடம். இத்தனை மழை பெய்கிற ஊரிலும் அது ஓர் ஆயுளில் கண்ணுக்குத் தெரிகிற அளவு நகராது.


தெலுக்_பகாங்_வலை
வெள்ளி, பிற்பகல் 4:00

அந்தப் பாதையில் நூறு தடவை ஏறியிருக்கிறேன். செம்மண் செருப்பில் ஒட்டுகிறதே என்றுதான் நினைத்திருக்கிறேன்.


பாயான்_லெப்பாஸ்_தம்பி
ஞாயிறு, இரவு 10:20

மாமா வீட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன். எல்லாவற்றையும் கைப்பேசியில் வாசித்துக் காட்டினேன். மைக் உதாரணத்துக்குத் தலையாட்டினார். செங்கல் களிமண் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எண்ணூறு வருடம் என்று நான் சொன்னது தப்பில்லையே?" என்று கேட்டார். தப்பில்லை மாமா, கடல் கொடுத்த காலம் அது, இது கடல் வாங்குகிற காலம் என்றேன்.

புறப்படும்போது, அடுத்த பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லங்காவி போவோம், அந்தக் கல்லைக் காட்டு என்றார். மலையேறி அண்ணே, எந்தப் பக்கம் இறங்க வேண்டும், கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் போகவேண்டுமா என்று சொல்லுங்கள்.


மலையேறி_கெடா
ஞாயிறு, இரவு 10:41

வற்று நேரம் பார்த்தே போங்கள் தம்பி. தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள், கோலக் கெடா ஜெட்டியில் நானும் ஏறிக்கொள்கிறேன்.